முதல் கவளத்தோடு

இரண்டு வாளி தண்ணீர் ஊற்றியும் கழிப்பறையை விட்டுப் போகாத எண்ணெய்ப் படலம்தான் என் நோயின் முதல் அடையாளம். உங்களுக்கும் அப்படி இருந்தால், என்னைப் போல ஊதுபத்தி கொளுத்திவைத்துவிட்டு வந்துவிடாதீர்கள்.

மண்ணூர் பக்கம் ஒரு பெண்கள் விடுதியில் அறைக்கு ஆறு பேர். ஒரகடத்தில் கார்களுக்கு வயரிங் கட்டும் கம்பெனியில் வேலை. நான் தென்காசிப் பக்கத்துக்காரி. சாப்பிட்டால் மேல்வயிறு வலித்து முதுகுவரை ஓடும். லைனை விட்டு எழுந்தால் மாற்றாள் வரவேண்டும், சூப்பர்வைசர் முகத்தைப் பார்க்கவேண்டும். அதனால் ஷிப்டுக்கு முன் சாப்பிடுவதை விட்டேன். சுடிதார் தொளதொளத்தது.

ஒருநாள் காலை விடுதி வார்டன் அக்கா கழிப்பறை வாசலில் நின்று சத்தம் போட்டார். அவர் உள்ளூர்க்காரர்.

“இன்னாமா இது, மனுஷங்க இருக்கற வூடா? யாரு கடைசியா போனது?”

கடைசியாகப் போனவள் நான். கையில் வாளியோடு நின்றவளோ பேச்சியம்மாள். சங்கரன்கோவில்காரி, எனக்கு மேல்கட்டில். நான் விட்டுவந்ததைக் கழுவ இன்னும் தண்ணீர் ஊற்றியிருக்கிறாள். எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அவள் என்னைப் பார்த்தாள். நான் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனேன்.

அதன்பின் அவளோடு யாரும் தட்டைச் சேர்த்து வைக்கவில்லை. அந்த மாதமே அவள் வேறு விடுதிக்குப் போனாள். “ஏட்டி, ஒழுங்கா ஆஸ்பத்திரிக்குப் போ” என்றாள் கிளம்பும்போது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அரசு மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்தார்கள். கணையத்தில் (இரைப்பைக்குப் பின்னால் இருந்து செரிமானச் சாறு சுரக்கும் உறுப்பு) கற்கள். குடிக்காதவர்களுக்கும் வருமாம். அந்தச் சாற்றிலுள்ள நொதிகள் (உணவைக் குடல் உறிஞ்சும் அளவுக்குச் சிறிதாக வெட்டும் புரதங்கள்) எனக்குப் போதவில்லை. கொழுப்பை வெட்டும் நொதியான லைபேஸ் குறைந்ததால், தின்ற எண்ணெய் அப்படியே வெளியேறியிருக்கிறது. டாக்டரம்மா அந்த நொதிகளையே மாத்திரையாகக் கொடுத்து, சாப்பாட்டோடு போடச் சொன்னார்.

கேன்டீனில் எதிரே நாலு பேர் இருக்கும்போது மாத்திரையைப் பிரிப்பதா? என்ன மாத்திரை என்று கேட்டால் பழைய கதை வெளியே வந்துவிடுமே. கம்பெனி பஸ் ஏறுமுன் விடுதியிலேயே விழுங்கினேன். சோறு கிடைக்க அதற்கப்புறம் மூன்று மணி நேரம் ஆகும். ஒன்றரை மாதமாகியும் எடை ஏறவில்லை.

“எப்பம்மா போடற?” என்று கேட்டார் டாக்டரம்மா. சொன்னேன்.

“சோறு வராத வயித்துல அது எத வெட்டும்? சோறு வர்றப்ப அது அங்க இருக்காது. முதல் வாயோட ஒண்ணு, பாதியில ஒண்ணு. மறைச்சு மறைச்சுப் போடற மருந்து இல்ல இது.”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கத் தெரிந்த எனக்கு, ஒரு மாத்திரையைச் சோற்றோடு விழுங்கத் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது.

பேச்சியம்மாள் அதே கம்பெனியில் வேறு லைன். மறுநாள் கேன்டீனில் என் அறைக்காரிகள் இருவர் உட்கார்ந்திருந்த மேஜைக்கு அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். முதல் கவளத்தோடு மாத்திரையைப் போட்டேன்.

“என்ன மாத்திரட்டி?” என்றாள் ஒருத்தி.

“எனக்குக் கொழுப்பு செரிக்காது. அன்னைக்குக் கக்கூஸ் நாறினது என்னாலதான். பேச்சி இல்ல.”

இருவரும் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள். பேச்சியம்மாள் ரசத்தைப் பிசைந்தபடியே மெதுவாகச் சொன்னாள்.

“எனக்குத் தெரியும். நீ சொல்லுவேன்னுதான் வாளியோட நின்னேன்.”

இப்போது ஐந்து கிலோ ஏறியிருக்கிறேன். சுடிதாரைப் பிடித்துத் தைத்த தையலைப் பிரித்துவிட்டேன். ஒவ்வொரு வேளையும் பாதிச் சோற்றில் இரண்டாவது மாத்திரைக்காகக் கை நிற்கும். அந்த ஒரு நிமிடம் அவள் வாளியோடு என்னைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அப்புறம்தான் மீதிச் சோறு.