நிழலில் காய்ந்த முருங்கைக்கீரை

மரக்காணம் உப்பளத்தில் ஜோசப்பினைப் போல உப்பு வாருகிற கை வேறு கிடையாது என்பார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நாலாம் வருசம் அவளுக்கு ஒரு சோதனை வந்தது. பொழுது மங்கினால் கண்ணும் மங்கிவிடும். மாலைக்கண். அளத்திலோ விடியுமுன் கருக்கலிலேயே வேலை தொடங்கிவிடும். இரண்டு தடவை வரப்பு என்று நினைத்து, உப்பு விளைந்த பாத்திக்குள் காலை வைத்துவிட்டாள்.

மேஸ்திரி இருசப்பன் கெட்டவர் இல்லை. ஆனாலும், "இன்னொரு தபா பாத்தியில எறங்கிட்டா, வேலைக்கு வராதம்மா" என்று சொல்லிவிட்டார்.

ஆஸ்பத்திரி நர்சம்மா முருங்கைக்கீரையை விடாமல் தின்னச் சொன்னார். உப்பு மண்ணில் முருங்கை ஏது? பெருமுக்கல் பக்கம் போய்வரும் வண்டிக்காரர் பதினைந்து நாளைக்கு ஒரு கட்டு கொண்டுவந்து தருவார். அளத்துக்காரர்களுக்கு எதையும் வெயிலில் போட்டுத்தான் பழக்கம். அவளும் கீரையைச் சுள்ளென்ற வெயிலில் சருகாக்கி, பொடித்துக் கஞ்சியில் கலந்து குடித்தாள். இரண்டு மாதமாகியும் கண் தெளியவில்லை. மாட்டுக்குப் போடுகிற வைக்கோலும் இப்படித்தான் இருக்கும் என்று புருஷன் பாஸ்கல் கேலி செய்தான்.

அடுத்த கட்டு பெரிய வியாழக்கிழமை சாயங்காலம் வந்தது. பெரிய வெள்ளியன்று ஜோசப்பின் எந்த வேலையும் தொடமாட்டாள். கீரையை வீட்டுக்குள் கொடியில் பிரித்துப் போட்டுவிட்டுக் கோயிலுக்குப் போய்விட்டாள். ஈஸ்டர் திருநாளான பாஸ்கா ஞாயிறு பூசை முடிந்து வந்து பார்த்தால் கீரை மொறுமொறுவென்று காய்ந்திருந்தது, பச்சை மட்டும் போகவில்லை. பழைய பொடியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அது வெளுத்துக் கிடந்தது.

"வெயிலு உப்புக்குத்தாங்க. கீரைக்கு ஆவாது" என்றாள் பாஸ்கலிடம்.

நர்சம்மாவிடம் இரண்டையும் காட்டினாள். கண்ணுக்கான சத்தை வெயில் தின்றுவிடும், இதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும் என்று அவர் வருத்தப்பட்டார். கொஞ்சம் நல்லெண்ணெய் விட்டுச் சாப்பிடவும் சொன்னார்.

ஒரு மாதம் போயிருக்கும். கருக்கலில் மேஸ்திரி லாந்தரோடு முன்னால் போக, ஜோசப்பின் பின்னால் போனாள்.

"மேஸ்திரி, நில்லுங்க. முன்னால வரப்பு ஒடைஞ்சிருக்குது."

லாந்தரைத் தூக்கிப் பார்த்தார். காலடிக்கு ஒரு முழம் தள்ளி, விளைந்த பாத்திக்குள் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. அவள் குனிந்து இரண்டு கை சேற்றை அள்ளி உடைப்பை அடைத்தாள்.

இருசப்பன் லாந்தரை நீட்டினார். "இனிமே நீயே முன்னால நட."

"லாந்தரு உங்களுக்குத்தான் வேணும், வச்சிக்கிங்க" என்று சொல்லிவிட்டு, மாதாவை மனசுக்குள் கும்பிட்டபடி வரப்பில் விறுவிறுவென்று நடந்தாள் ஜோசப்பின்.