தட்டில் வந்த உளி

“இந்த வயசுல உளி எதுக்கும்மா? கடையில திருப்பிக் குடுத்துருங்க” என்கிறான் மகன். எனக்கு நானே வாங்கிக்கொண்ட கிறிஸ்துமஸ் பரிசு அது. பிரித்ததும் இரும்பில் தடவிய எண்ணெய் வாசனை என்னைச் சிறுவயது மும்பைத் தாராவிக்கு இழுத்துப் போய்விட்டது.

பழப்பெட்டிப் பலகைகளைக் கறிக்கத்தியால் செதுக்குவதுதான் அம்மாவின் பொழுதுபோக்கு. எண்பதுகளில் ஒரு கிறிஸ்துமஸுக்குப் பக்கத்துத் தச்சுப்பட்டறை பாய்க்கு முறுக்குத் தட்டு அனுப்பினாள். வெறுந்தட்டைத் திருப்பி அனுப்பும் வழக்கம் எங்கள் சந்தில் இல்லை. பாய் அதில் ஓர் உளியை வைத்து அனுப்பினார்.

“பொம்பளைக்கு எதுக்கு உளி? கொண்டு குடுத்துட்டு வா” என்றார் அப்பா.

“தட்டுல வந்ததத் திருப்பிக் குடுக்கப்படாது” என்றாள் அம்மா, பெருவிரலால் கூர் பார்த்துக்கொண்டே.

அடுத்த வருஷம் அவள் செய்த ஸ்டூலில் ஏறி நின்றுதான் அப்பா ஸ்டார் கட்டினார்.

மகனிடம் சொல்கிறேன்: “நீயும் ஸ்டார் கட்ட ஸ்டூல் கேட்டு வருவேல்லா, அப்பம் பேசிக்கிடுவோம்.”