கூப்பிட்டால்தான் எழுவார்

என் வீட்டுக்காரர் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவர். சிக்னல் விழாமல் ஓர் அடி நகரமாட்டார். எங்களுக்குக் கல்யாணமான புதிதில் கிள்ளானில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். "இங்கேயே உட்காருங்க, பந்திக்கு வந்து கூப்பிடுறோம்" என்று பெண்ணின் தாய்மாமன் சொல்லிவிட்டுப் போனார். போனவர் மறந்துவிட்டார். கூப்பிடாமல் பந்தியில் உட்காருவது இவர் வீட்டில் பெரிய கௌரவக் குறைச்சல். பெண்ணுக்குத் துணையாக உள்ளே இருந்த நான் வெளியே வந்து பார்த்தால், இலையெல்லாம் எடுத்தாகிவிட்டது, மனிதர் அதே நாற்காலியில். திரும்பும் வழியில் ரொட்டி சானாய் வாங்கிக் கொடுத்தேன். அதைச் சொல்லிச் சொல்லியே வருடக்கணக்காகச் சிரித்திருக்கிறேன்.

அவருக்கு வேலை திரங்கானு கரைக்கு அப்பால், நடுக்கடலில் எண்ணெய் எடுக்கும் மேடையில். இரண்டு வாரம் கடல், இரண்டு வாரம் வீடு. அங்கே எப்படி என்று கேட்டால், "சாப்பாடு நல்லா இருக்கு லா" என்பதோடு சரி. அதனால்தான் தொண்ணூறுகளில் ஒருநாள், பழைய புத்தகக் கடையில் அட்டையில் ஓர் எண்ணெய் மேடையைப் பார்த்ததும் வாங்கிவிட்டேன். எங்கோ ஒரு குளிர்க்கடலில் மேடை தீப்பிடித்து எரிந்ததைப் பற்றிய ஆங்கிலப் புத்தகம். கதை இல்லை, நடந்தது. எந்தக் குழாய் வெடித்தது, யார் எங்கே நின்றார்கள் என்று ஒன்று விடாமல் எழுதியிருந்தார்கள். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன். சோறு குழைந்தது கூடத் தெரியவில்லை.

தீப்பிடித்ததும் பலர் விதிப்படி சாப்பாட்டுக்கூடத்தில் போய்க் காத்திருந்தார்களாம். ஹெலிகாப்டர் வரும், கூப்பிடுவார்கள் என்று. புகைதான் வந்தது. காத்திராமல் கடலில் குதித்தவர்களில் சிலர் பிழைத்தார்கள். எனக்குக் கிள்ளான் மண்டபமும் அந்த நாற்காலியும் கண்முன் வந்து நின்றன. அதற்குப் பிறகு அதை நினைத்து எனக்குச் சிரிப்பே வரவில்லை.

அவர் வீடு வந்ததும் அந்தப் பக்கத்தை விரித்து மடியில் வைத்தேன். நிதானமாகப் படித்தார்.

"இப்ப ரூலெல்லாம் மாத்திட்டாங்க. டிரில் இருக்கு, போட் இருக்கு. நீ ஏன் பயப்படுற?"

"ரூலைப் பத்தி எனக்கு என்ன? உங்களைப் பத்திதான் பயம். யாரும் கூப்பிடலன்னா உட்கார்ந்தே இருப்பீங்க. கூப்பிடலன்னாலும் எந்திரிச்சு வந்துருங்க. எனக்கு நீங்க வேணும்."

அவர் புத்தகத்தை மூடி என்னிடம் கொடுத்தார். லீவு முடிந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அவர் திரும்பி வந்த கையோடு காஜாங்கில் ஒரு கல்யாணம். அங்கேயும் "இருங்க, கூப்பிடுறோம்" என்று அதே பாட்டு. நான் மணமேடைக்குப் போய்ப் பரிசு கொடுத்துவிட்டு வந்து பார்த்தால், நாற்காலி காலி. பதறிப்போய்ப் பந்திக்கூடத்துக்குப் போனேன்.

முதல் வரிசையில் தலையைக் குனிந்துகொண்டு, புது மாப்பிள்ளை மாதிரி வெட்கப்பட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்து நாற்காலியில் கைக்குட்டையைப் போட்டு எனக்கு இடம் பிடித்திருந்தார்.

"யாரு கூப்பிட்டாங்க?" என்றேன்.

"யாரும் கூப்பிடல. நானே எந்திரிச்சு வந்துட்டேன்."

நான் பக்கத்தில் உட்கார்ந்ததும், சாம்பார் வாளியோடு வந்தவர் என் கண்ணைப் பார்த்துவிட்டு, "என்னக்கா, காரமா?" என்றார். என் இலையில் இன்னும் உப்புகூட வைக்கவில்லை.