சுரங்கப்பாதையும் ஏழாவது அட்டவணையும்

செவ்வாய், வியாழன், சனி. இந்த மூன்று நாளும் காலை ஏழு மணிக்கு நானும் என் மனைவியும் வீட்டை விட்டுக் கிளம்பியாக வேண்டும். அவளுக்குச் சிறுநீரகம் இரண்டும் செயலிழந்துவிட்டன. திருநெல்வேலியில் டயாலிசிஸ் படுக்கை எட்டரைக்கு. தவறினால் அடுத்தவருக்குப் போய்விடும். எங்கள் ஊரிலிருந்து பெரிய சாலைக்கு இருக்கிற ஒரே வழி தண்டவாளத்துக்கு அடியில் போகும் சுரங்கப்பாதை. முன்பு அங்கே ரயில்வே கேட் இருந்தது. அதை எடுத்துவிட்டுப் பள்ளம் தோண்டினார்கள். மழை பெய்தால் சுற்று வயல்களின் தண்ணீரெல்லாம் அந்தப் பள்ளத்தில் வந்து நிற்கும்.

அவள் படுத்திருக்கும் நான்கு மணி நேரமும் நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அரசியல் நிர்ணய சபை விவாதங்களைப் படிப்பேன். படிப்பது எதற்கும் தேதியைக் குறித்து வைப்பது என் பழக்கம். 1946 டிசம்பர் 13 அன்று சபையில் முன்மொழிந்த குறிக்கோள் தீர்மானத்தில், யாருக்கும் ஒதுக்காமல் எஞ்சிய அதிகாரங்கள் மாநிலங்களுக்கு என்றிருந்தது. 1947 ஜூன் 3 அன்று பிரிவினை அறிவிப்பு. அதன்பின் பேச்சே மாறியது; எஞ்சியவை மத்திய அரசுக்குப் போயின. ஏழாவது அட்டவணையில் இருக்கும் ஒன்றியம், மாநிலம், பொது என்ற மூன்று பட்டியல் ஏற்பாட்டை 1935ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே எடுத்துக்கொண்டார்கள். ரயில் ஒரு பட்டியலில், சாலையும் வடிகாலும் இன்னொன்றில். பக்கம் பக்கமாக வாதாடித்தான் பிரித்திருக்கிறார்கள். படிக்கையில் அவர்கள்மீது மரியாதை கூடியது.

அந்த மரியாதையில்தான் தப்புச் செய்தேன். சுரங்கப்பாதைத் தண்ணீரை வடிக்கச் சொல்லி மனு எழுத உட்கார்ந்தவன், ஒன்பது பக்கம் எழுதினேன். ரயில்பாதை ஒன்றியப் பட்டியலில் இருபத்திரண்டாவது இனம், ஆகவே பள்ளம் அவர்களுடையது. வடிகால் மாநிலப் பட்டியலில் பதினேழாவது இனம், ஆகவே தண்ணீர் இவர்களுடையது. இருவரும் சேர்ந்து செய்க. நியாயமாக எழுதிய நிறைவோடு ஒரே மனுவை இரண்டு அலுவலகத்துக்கும் அனுப்பினேன்.

இரண்டு பதிலும் ஒரே வாரத்தில் வந்தன. ரயில் அலுவலகம், நானே ஆறாம் பக்கத்தில் சுட்டியபடி வடிகால் மாநிலத்தின் பொறுப்பு என்றது. மாநில அலுவலகம், நானே ஐந்தாம் பக்கத்தில் சுட்டியபடி சுரங்கப்பாதை ரயிலின் பொறுப்பு என்றது. இரண்டிலும் முடிவு ஒன்றுதான்: மனு முடித்து வைக்கப்பட்டது.

எங்களை வழக்கமாக ஏற்றிப் போகும் ஆட்டோக்காரரிடம் படித்துக் காட்டினேன்.

“தப்பிக்க வழி தேடிக்கிட்டிருந்தவங்க கையில நீங்களே எழுதிக் குடுத்திட்டீயளே, அண்ணாச்சி,” என்றார்.

பின்சீட்டிலிருந்து என் மனைவி கேட்டாள்: “ஒங்க பட்டியல்ல என்னைய எதுல போட்டிருக்காங்க?”

“பொது சுகாதாரம். மாநிலப் பட்டியல், ஆறாவது இனம்,” என்றேன். வாயிலிருந்து வந்துவிட்டது. அவள் சிரித்தாள்.

ஐப்பசியில் விடாமல் பெய்தது. செவ்வாய்க்கிழமை பள்ளத்தில் இடுப்பளவு தண்ணீர். ஆட்டோ திரும்பிவிட்டது; அன்றைய டயாலிசிஸ் தவறியது. வியாழன் காலையில் அவள் கால் இரண்டும் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டியது. தண்ணீர் ஒரு விரல்கூட இறங்கவில்லை. மேட்டில் ஏறித் தண்டவாளத்தைக் கடப்பதைத் தவிர வேறு வழியில்லை. அவளைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து ஆட்டோக்காரரும் நானும் தூக்கினோம். ஜல்லியில் என் கால் சறுக்கி, நாற்காலி ஒரு பக்கம் சாய்ந்தது. அவள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

“பைய, அண்ணாச்சி, பைய. ரயில் வருதான்னு நீங்க பாக்காதீங்க, நான் பாத்துக்கிடுதேன்,” என்றார் ஆட்டோக்காரர்.

அந்தப் பக்கம் இன்னொரு ஆட்டோ நின்றது. மருத்துவமனை சேரும்போது மணி ஒன்பதைத் தாண்டிவிட்டது. வேறு படுக்கை ஒன்று காலியாக மதியம் மூன்று மணி ஆயிற்று. அதுவரை உட்கார்ந்தபடியே மூச்சு வாங்கினாள். பையில் விவாதப் புத்தகம் இருந்தது. எடுக்கவில்லை.

இன்று வெள்ளி. புதிய மனு எழுதியிருக்கிறேன். எந்தப் பட்டியலும், எந்த எண்ணும் இதில் இல்லை. “என் மனைவிக்கு நாளை டயாலிசிஸ். சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்கிறது. வடித்துத் தாருங்கள்.” மூன்றே வரி. பெறுநர் என்று எழுதிவிட்டு, கீழே யாரைப் போடுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன். உள்ளே அவள் இரண்டு தலையணை வைத்துச் சாய்ந்திருக்கிறாள்.

“மழ நின்னுட்டா?” என்று கேட்கிறாள்.

நிற்கவில்லை. நாளைக் காலைக்கு வேண்டியிருக்கும் என்று நாற்காலியைக் கழுவி வாசலில் கவிழ்த்து வைத்திருக்கிறேன்.