கட் பண்ணு

ஐந்து நிமிடத்துக்குள் தங்கம் எந்தப் பக்கம் போகும் என்று எனக்குத் தெரியும் என நான் நம்பிக்கொண்டிருந்தது மொத்தம் பதினோரு நாட்கள். நேரு வீதிக்குப் பின்னால், மாடியில், ஒரு தரகர் அலுவலகம். அங்கே கணினித் திரையில் விலை ஏறினால் பச்சை மெழுகுவத்தி, இறங்கினால் சிவப்பு. சேர்ந்தாற்போல் மூன்று பச்சையைப் பார்த்ததும் எனக்குள் இருந்த மேதை விழித்துக்கொண்டான்.

மனைவிக்கு வளையல் வாங்கச் சீட்டுக் கட்டி எடுத்த பணம் கையில் இருந்தது. அவளிடம் சொல்லாமல் அதை முன்பணமாகக் கட்டி, கண்ணால் பார்க்காத நூறு கிராம் தங்கத்தை வாங்கிப் போட்டேன். முழு விலை தர வேண்டாம். ஏறினால் லாபம் நூறு கிராமுக்கும் வரும். நஷ்டமும் அப்படித்தான் என்று சொன்னார்கள். அப்போது நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை, ஊர் எல்லையில் இருக்கும் மேட்டுப்பாளையத்தில் நான் வேலை பார்த்த தொழிற்சாலையின் ஸ்டோரில் இருந்தபோது தரகர் அலுவலகத்திலிருந்து போன். வழக்கமாகப் பேசுபவர் விடுப்பில். முந்தின நாள்தான் வேலைக்குச் சேர்ந்த பெண் பேசினாள்.

“சார், கோல்டு விழுது சார். இன்னா பண்றது?”

நான் போட்ட சத்தத்துக்குப் பக்கத்து ஷெட்டில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

“கட் பண்ணும்மா! ஒடனே கட் பண்ணு!”

வந்த விலைக்குத் தள்ளிவிட்டு வெளியே வருவதற்கு அந்த அலுவலகத்தில் ‘கட்’ என்றுதான் பெயர். அவள் “சரி சார்” என்றாள். லைன் கட்டானது. என்ன வேகம் என்று வியந்தேன். பத்து நிமிடம் கழித்து நானே கூப்பிட்டேன்.

“கட் பண்ணிட்டியாம்மா?”

“அப்பவே பண்ணிட்டேன் சார். ஆனா இன்னும் கீழ போயினே இருக்கு.”

“போவட்டும், நமக்கின்னா!”

எப்பேர்ப்பட்ட சாமர்த்தியம்! கேன்டீனில் நாலு பேருக்கு வடை வாங்கிக் கொடுத்து, பதறாமல் வியாபாரம் செய்வது எப்படி என்று வகுப்பெடுத்தேன். மதியம் மறுபடி போன்.

“சார், முன்பணம் பத்தல. இன்னும் கட்டச் சொல்றாங்க.”

“எதுக்கு?”

“உங்க கோல்டுக்கு.”

“அதான் கட் பண்ணிட்டியே!”

“போனத்தான சார் கட் பண்ணச் சொன்னீங்க?”

நாற்காலி பின்னால் இருக்கிறதென்று நினைத்து உட்கார்ந்தேன். இல்லை. தரையிலிருந்தபடியே கத்தினேன்: “வித்துடும்மா! எல்லாத்தையும் வித்துடு!”

“அதக் காலையிலேயே தமிழ்ல சொல்லியிருக்கலாம்ல சார்?”

விற்றாள். மிஞ்சிய பணத்தில் கண்ணாடி வளையல் தாராளமாக வாங்கலாம்.

சாயங்காலம் வீட்டு வாசலில் மனைவி பட்டுப் புடவையில், செருப்பு மாட்டித் தயாராக நின்றாள். முகமெல்லாம் சிரிப்பு.

“டிவில சொன்னாங்க, தங்கம் சர்ர்னு எறங்கிடுச்சாம். இந்த மாதிரி நாளு அமையாதுங்க. முகத்தக் கழுவிட்டுக் கெளம்புங்க, வளையல் எடுத்துடலாம்.”

ஊரே கொண்டாடுகிற விலை. அன்றைக்கு அழுதவன் நான் ஒருத்தன்தான் போலிருக்கிறது. அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டாள்.

“இன்னாங்க, யாருக்கு இன்னா ஆச்சி?”

“வளையலுக்கு,” என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. செருப்பைக் கழற்றாமலே படியில் உட்கார்ந்தாள். “முழுசா சொல்லுங்க,” என்றாள்.