அவனை எடுத்துக்கொள் என்று கேட்ட எனக்கு அம்மன் தந்த பதில்

ஒரு மனிதன் சாகவேண்டும் என்று பல மாதம் அம்மனிடம் வேண்டியவன் நான். உங்கள் முன்னால் இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் அவள் எனக்குச் செய்ததை மறைத்தால் அது அதைவிடப் பெரிய பாவம்.

என் பெயர் ஏழுமலை. மணலூர்பேட்டைப் பக்கம் எங்கள் ஊர். கான்கிரீட் பம்ப் வேலை. குழாயின் கடைசியில் உள்ள ரப்பர் ஓஸைப் பிடித்துக் கான்கிரீட்டைக் கொட்டுவேன். ரிமோட்டை வைத்துப் பம்பை ஓட்டுகிறவன் செல்வராசு. எங்கள் ஊர்க்காரன்தான்.

முந்தின வருடம் ஆவணியில் குழாய் அடைத்துக்கொண்டது. அடைப்பை எடுத்ததும், என்னைத் தள்ளிப் போகச் சொல்லாமலே பம்பைப் போட்டான். உள்ளே சிக்கியிருந்த காற்று ஒரே அடியாக வெளியே வந்தது. ஓஸ் துள்ளி என் வாயில் அடித்தது. மூன்று பல் போயிற்று. தாடை உடைந்தது. நான் ரத்தத்தோடு கிடக்கும்போதே அவன் இன்ஜினீயரிடம், "அவன் குடிச்சிக்கினு வந்துட்டான் சார், நான் இன்னா பண்ண முடியும்?" என்றான்.

நான் குடித்ததே இல்லை. பல் போனதைத் தாங்கினேன். அந்தப் பழியைத் தாங்க முடியவில்லை. என் மாமனார் வீட்டில்கூட அதை நம்பினார்கள்.

தாடை கூடியதும் அவன் ஓட்டுகிற பம்புக்கே வேலைக்குப் போனேன். வேறு தொழில் தெரியாது. பேச்சுவார்த்தை கிடையாது. வெள்ளிக்கிழமைதோறும் எங்கள் ஊர் மாரியம்மன் முன்னால் நின்று ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். "தாயே, அவனை எடுத்துக்கோ."

போன ஆடியில் கச்சிராயபாளையத்தில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு மேல்தளம் போட்டுக்கொண்டிருந்தோம். செவ்வாய்க்கிழமை. பாதி வேலையில் மறுபடியும் அடைப்பு. இரண்டு குழாய்களைச் சேர்த்துப் பிடிக்கும் இரும்பு வளையத்தைக் கிளாம்ப் என்போம். செல்வராசு கீழே ஒரு கிளாம்பைக் கழற்றி, அடைப்பை எடுத்துவிட்டு மாட்டினான். லாரி காத்திருக்கிறது என்று இன்ஜினீயர் கத்தினார். அவன் அவசரமாகக் குழாய்க்குப் பக்கத்திலேயே நாற்காலியில் உட்கார்ந்தான்.

நான் தண்ணீர் குடிக்க இறங்கியிருந்தேன். கிளாம்ப் திறந்துவிடாமல் இருக்கக் குத்துகிற இரும்புப் பின் மண்ணில் கிடந்தது. அவன் அதைக் குத்தவே இல்லை.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்லமாட்டேன். 'தாயே, கேட்டுட்டியா' என்று நினைத்தேன். வாயை மூடிக்கொண்டு நடந்தால் போதும். நடந்தேன். மூன்றாவது எட்டில் கால் எழவில்லை. 'இவனைக் கொல்ல என்னை வைக்காதே தாயே' என்று நெஞ்சு அழுதது. அத்தனை மாதத்தில் நான் உருப்படியாகக் கேட்டது அது ஒன்றுதான்.

"டேய் செல்வராசு, எழுந்து வாடா! பின்னு இல்ல!"

"இன்னாடா, காலையிலயே ஊத்திக்கினியா?" என்று சொல்லிக்கொண்டே பம்பைப் போட்டான்.

ஓடிப்போய்ச் சட்டையைப் பிடித்து இழுத்தேன். இருவரும் விழுந்தோம். எழுந்ததும் என்னை ஓங்கி அறைந்தான். அடுத்த நொடி கிளாம்ப் தெறித்தது. குழாய் எகிறி அந்த நாற்காலியைச் சுக்குநூறாக்கியது. செல்வராசு ரிமோட்டை அழுத்திப் பம்பை நிறுத்தினான்.

அவன் நன்றி சொல்லவில்லை. எனக்கும் அவனை இன்றுவரை பிடிக்காது. ஆனால் அன்று மாலை அம்மன் முன்னால் நின்று அழுதேன். என்னைக் கொலைகாரன் ஆகாமல் காத்தாளே, அதற்காக.

இப்போது பம்ப் ஓடுவதற்குமுன் ஒவ்வொரு கிளாம்பையும் தொட்டுப் பார்க்கிறேன். ஓஸில் வீக்கமோ வெடிப்போ இருந்தால் கையில் வாங்கமாட்டேன். அடைப்பு எடுத்தால், எல்லாரும் தள்ளி நிற்கும்வரை விடமாட்டேன். "இன்னாய்யா, பூசையா பண்ணிக்கினுகீறே?" என்று இன்ஜினீயர் திட்டுகிறார். திட்டட்டும். செல்வராசு மட்டும் நான் தலையாட்டும்வரை ரிமோட்டில் கை வைப்பதில்லை.

உங்களுக்கும் ஒரு பகையாளி இருப்பான். அவனைப் பற்றி அவளிடம் எதையும் மறைக்காதீர்கள். அசிங்கமாக இருந்தாலும் சொல்லுங்கள். அவள் முகம் சுளிக்கமாட்டாள். நீங்கள் கேட்டதைத் தரவும் மாட்டாள். உங்களை விடவும் மாட்டாள்.