நான் கேட்காத டிரா

உலகச் சதுரங்கப் போட்டியின் நேரலை எங்கள் நேரத்துக்கு மாலை ஐந்து மணிக்குத் தொடங்கும். பள்ளி முடிந்து சுங்கை பெசார் வீட்டுக்கு வந்து முகம் கழுவியதும் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்துவிடுவேன். ஆசையால் அல்ல. கோலா சிலாங்கூரில் நடக்கவிருந்த ஆசிரியர் விளையாட்டுப் போட்டியில் சதுரங்கத்துக்கு ஆளில்லை என்று, எங்கள் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர் என் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டார். எனக்குக் காய்களை நகர்த்தத் தெரியும். அவ்வளவுதான்.

நேரலையில் ஆட்டங்கள் வரிசையாக டிரா ஆயின. பலகை நிறையக் காய்கள் இருக்கும்போதே இருவரும் கை கொடுத்து எழுந்துவிடுவார்கள்.

"என்னலா இது? சண்டையே போடல, அதுக்குள்ள சமாதானமா?" என்பார் கணவர். நெல் ஆலையில் லோரி ஓட்டுபவர். வேலை முடிந்து வந்து என்னோடு பார்ப்பார்.

எனக்கும் விளங்கவில்லை. வர்ணனையாளரோ அருமையான ஆட்டம் என்று புகழ்வார். நகர்த்தல்களை நோட்டில் எழுதி, சாப்பாட்டு மேசையில் பலகையை வைத்து ஆடிப் பார்த்தேன். ஓர் ஆட்டத்தில் ஒரு சிப்பாய் கூடுதலாக வைத்திருந்தவரே டிராவுக்கு இசைந்திருந்தார். ஏன்?

போட்டி நாளன்று என் மூன்றாவது ஆட்டம் சபாக்கிலிருந்து வந்த ஒரு மலாய் ஆசிரியையோடு. என்னைவிட மூத்தவர். எப்படியோ அவருடைய யானை ஒன்றை வெட்டிவிட்டேன். அடுத்து எதை நகர்த்துவது என்று வெகுநேரம் குழம்பி, ராணியைத்தான் என்று முடிவு செய்து, எனக்கு நானே "செரி... செரி..." என்று முணுமுணுத்தேன்.

அவர் சட்டென்று நிமிர்ந்தார். முகம் மலர்ந்து கையை நீட்டினார். மூத்தவர் நீட்டிய கையை மறுக்கத் தெரியாமல் நானும் குலுக்கினேன். தாளில் கையெழுத்தும் போட்டேன். ஆளுக்கு அரைப் புள்ளி என்று அவர் எழுதியிருந்ததைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. மலாயில் டிராவுக்கு 'செரி' என்றுதான் சொல்வார்கள்.

"ஜெயிக்கிற ஆட்டத்த ஏன் டீச்சர் விட்டுக் குடுத்தீங்க?" என்று மலாயில் கேட்டார்.

"நான் டிரா கேக்கல. தமிழ்ல செரின்னா ஆகட்டும்னு அர்த்தம்," என்றேன்.

சிரிக்கத் தொடங்கியவர் பாதியில் நிறுத்தினார். என்னை நடுவரிடம் அழைத்துப் போய் நடந்ததைச் சொன்னார். கை கொடுத்தாகிவிட்டது, கையெழுத்தும் ஆகிவிட்டது, இனி மாற்ற முடியாது என்றார் நடுவர். ஆசிரியைக்கு மனம் ஆறவில்லை. "வாங்க, மிச்சத்த ஆடிப் பாத்திடுவோம்," என்று காய்களைப் பழையபடி வைத்தார். நான் ராணியை நகர்த்தினேன். ஆறாவது நகர்த்தலில் என் ராஜா மாட்டிக்கொண்டது. தோற்றுப் போனேன்.

அப்படியென்றால் அந்த அரைப் புள்ளி நான் இழந்ததா, எனக்குக் கிடைத்ததா? வழியெல்லாம் யோசித்தும் பிடிபடவில்லை.

மறுநாள் மாலை நேரலையில் இன்னொரு டிரா. இம்முறை பலகையை விட்டுவிட்டு இருவர் முகங்களையும் பார்த்தேன். யாருக்கு நிம்மதி என்று சொல்ல முடியவில்லை. அந்தக் கூடுதல் சிப்பாய்க்காரரும் என்னைப் போலவே வழி தெரியாமல்தான் கை கொடுத்திருப்பாரோ என்று முதல்முறையாகத் தோன்றியது. கணவரிடம் சொன்னேன்.

"அவங்க ஒலக சாம்பியனுங்க. நீ வேற!"

அதையும் மறுக்க முடியவில்லை. நோட்டை எடுத்து, அந்தச் சிப்பாய்க்காரரின் ஆட்டத்தை முதல் நகர்த்தலிலிருந்து மறுபடி ஆடத் தொடங்கினேன்.